கடல் மீன் தொட்டியில் நான் பார்த்த வேலை

எண்பத்தொன்பதில் எனக்குக் கல்யாணம் ஆனபோது என் கையில் விலங்கியல் பட்டமும், வேலூரில் எம்.எஸ்ஸி. சேர வரச்சொல்லி வந்த கடிதமும் இருந்தன. பட்டம் பீரோவுக்குப் போனது. கடிதம் எங்கே போனதென்று தெரியாது. "மேல படிக்கறத அங்க போய் படிச்சுக்கோ, மாப்ள ஒத்துக்கிட்டாரு" என்றார் அப்பா. அவர் அடி அண்ணாமலையில் மல்லாட்டைக் கடலை பயிர் செய்தவர். திருவண்ணாமலை டவுனில் சொந்த வீடும் கான்ட்ராக்ட் தொழிலும் உள்ள மாப்பிள்ளை கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை ஒத்துக்கொண்டது உண்மைதான். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயே திறக்காததும் உண்மைதான். இரண்டு முறை கேட்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

பதின்மூன்று வருஷம் போனது. மகளை ஏற்காட்டில் ஹாஸ்டலில் சேர்த்த அந்தக் கோடையில், என் கணவர் சென்னையில் ஏதோ ஓட்டலின் வரவேற்பறையில் கடல் மீன் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு ஒன்று பிடித்துவிட்டால் அது வீட்டுக்கு வந்தாக வேண்டும். பத்து நாளில் நாலடிக் கண்ணாடித் தொட்டி எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தது. சென்னைக் கடைக்காரர் கூடவே வந்து, புதுச்சேரியிலிருந்து டிரம்மில் ஏற்றிவந்த கடல் தண்ணீரை ஊற்றி, ஓட்டை ஓட்டையாக இருந்த பாறைகளை அடுக்கி, மோட்டாரை மாட்டிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து மீன்களோடு திரும்பி வந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று, விரல் நீளத்தில் நீல மீன்கள் நான்கு, பாசி தின்பதற்கு நத்தைகள்.

"மலைய பாக்க வர்றவன்லாம் இனிமே நம்ம ஹாலையும் பாத்துட்டுதான் போவான்" என்றார் என் கணவர்.

அப்படித்தான் வந்தார்கள். பௌர்ணமிக்கு கிரிவலம் வரும் சொந்தக்காரர்கள், அவரோடு தொழில் செய்கிறவர்கள், அவருக்கு வேலையாக வேண்டிய ஆபீஸ்காரர்கள். எல்லாருக்கும் நான் காபி போட்டேன். தொட்டியின் முன்னால் நின்று அவர் விளக்கம் சொன்னார்.

மூன்றாவது வாரம் வெள்ளை மணல்மேல் பழுப்பாக ஏதோ தூவினாற்போல இருந்தது. கண்ணாடியிலும் பாறையிலும் அதே பழுப்பு. காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி படிந்துவிடும். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா தேச்சுத் தொடைக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதோடு தொட்டி என் வேலை ஆனது.

பீரோவில் அடியில் கிடந்த பாடப் புத்தகங்களை எடுத்தேன். பழுப்புத் தூசியாகத் தெரிந்தது டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசி என்று புரிந்தது. அதற்கு சிலிக்கா என்னும் மணல் சத்து வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற நான் போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். சுண்ணாம்போடு சிலிக்காவும் கரைந்திருக்கிற அந்தத் தண்ணீரைத்தான் மீன்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே நிறுத்திவிட்டு, குடிப்பதற்குக் கேனில் வரும் சுத்திகரித்த தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் மணல் வெளுத்தது. அன்று நான் தனியாக ஹாலில் உட்கார்ந்து அரைமணி நேரம் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகி வந்த பிறகு என் படிப்பு ஒரு காரியத்துக்கு உதவியது அன்றுதான் முதல் தடவை.

அடுத்து வந்தது சிவப்பு. வெற்றிலைச் சாறு துப்பிய நிறத்தில், பாறைகள்மேல் வழவழவென்று ஒரு படலம். தூக்கினால் துணிபோல் கிழிந்து வரும். நாற்றம் வேறு. யார் வந்தாலும் மீன் சாப்பிடுவதைக் காட்டவேண்டும் என்று என் கணவர் கையளவு தீனியை அள்ளிப் போடுவார். மீன் தின்றது போக மிச்சம் அழுகியது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மெடிக்கல்ல எரித்ரோமைசின் மாத்திரை கெடைக்கும், பொடி பண்ணிப் போட்டுடுங்கம்மா, ரெண்டே நாள்ல போய்டும்" என்றார்.

வாங்கிக்கூட வந்துவிட்டேன். போடுவதற்கு முன் என் சிநேகிதியிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியது. அவளும் நானும் பி.எஸ்ஸி. ஒன்றாகப் படித்தோம். அவள் மேலே படித்து, ஊரிலேயே ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தாள். வருஷத்துக்கு ஒருமுறை தீபத்தன்று கோயிலில் பார்த்தால் நின்று பேசுவோம். அவ்வளவுதான் அதுவரை.

"ஐயோ, போடாதடி" என்றாள் போனில். "அந்தச் செவப்பு ஒரு வகை பாக்டீரியா. மாத்திரைக்கு அது சாகும். கூடவே பாறையில இருக்கற நல்ல பாக்டீரியாவும் செத்துப்போச்சுன்னா மீனோட கழிவை எது திங்கும்? அம்மோனியா ஏறி மீன் மூச்சு முட்டிச் சாகும். தீனிய கம்மி பண்ணு. தண்ணி எங்கயும் தேங்காம மோட்டாரத் திருப்பி வை. டியூப் வெச்சு உறிஞ்சி எடு. கொஞ்ச நாள் ஆவும்."

மாத்திரையைக் குப்பையில் போட்டேன். தீனி டப்பாவை அடுப்படியில் ஒளித்து வைத்தேன். தினமும் காலையில் ஒரு மெல்லிய டியூபை வாயில் வைத்து இழுத்து, உப்புத் தண்ணீர் நாக்கில் பட, சிவப்பை உறிஞ்சி வாளியில் விட்டேன். எடுத்த தண்ணீருக்குப் பதில் புதுக் கடல் தண்ணீர் வேண்டுமே. முதலில் ஒருமுறை லாரியில் வரவழைத்துக் கொடுத்த என் கணவர், அதன்பிறகு, "இதுக்கெல்லாம் வண்டி அனுப்பிட்டிருக்க முடியாது" என்றுவிட்டார். நானே ஒரு ஆம்னி வேன் பேசிக்கொண்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டி அளவு தண்ணீரில் நின்று கேன் கேனாக நிரப்பினேன். மீன் கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று கேட்டாள்.

"தண்ணிய எங்க எடுத்துட்டுப் போற?"

"திருவண்ணாமலைக்குங்க."

"கோயிலுக்கா? பரிகாரமா?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

சிவப்பு போனது. ஆனால் அது போன விதத்தில் எனக்கு வெறி பிடித்துவிட்டது. மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் மீன்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தீனி போட்டேன். வாரா வாரம் தண்ணீர் மாற்றினேன். பாறைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். தொட்டி பளிங்குபோல இருந்தது. அந்தப் பளிங்கில்தான் மூன்றாவது நோய் வந்தது.

பழுப்பாக, சளிபோல, நூல் நூலாகத் தொங்கியது. ஒவ்வொரு நூலிலும் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருந்தது. காலையில் குறைவாக இருக்கும். பகல் வெளிச்சம் ஏற ஏற அதுவும் ஏறும். பழைய பழுப்புத் தூசிதான் திரும்பிவிட்டது என்று நினைத்து முன்னைவிட ஜாஸ்தியாகத் தண்ணீர் மாற்றினேன். மாற்றிய மறுநாள் இரண்டு மடங்கானது. நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்து செத்தன. ஒரு நீல மீன் மூலையில் ஒதுங்கி, இரண்டு நாளில் மிதந்தது.

ஊறுகாய் பாட்டில் ஒன்றில் அந்தச் சளியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு சிநேகிதியின் கல்லூரிக்குப் போனேன். லேப் காலியாக இருந்தது. ஃபார்மலின் வாசனை அப்படியே இருந்தது. ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பைச் சரிசெய்து, அவள் முதலில் பார்த்தாள். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

துளி முழுக்க உயிர். நீர்த்துளி வடிவத்தில் ஆயிரக்கணக்கான பழுப்பு மணிகள். ஒவ்வொன்றும் முளையில் கட்டிய மாடுபோல ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பதின்மூன்று வருஷம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கிறேன். கழுத்து வலிக்கும் வரை நிமிரவில்லை.

"டைனோஃப்ளாஜெல்லேட்" என்றாள். "டயாட்டமே இல்ல இது. சிலதுக்கு விஷம் உண்டு. நத்தை செத்தது அதனாலதான் இருக்கும்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீதாண்டி நம்ம கிளாஸ்ல ஃபர்ஸ்ட். நீ இந்நேரம் இங்க உக்காந்திருக்கணும்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த நேரத்தில் அவளைப் பிடிக்கவில்லை. அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் ஆசிரமத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சளியைத் தேடினோம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் இதே சளியோடு மல்லுக்கட்டி எழுதியிருந்தார்கள். அவள் படித்துப் படித்துச் சொன்னாள்.

"தண்ணி மாத்த மாத்த இது வளருமாம். தொட்டில சத்து இல்லாமப் போயி, இதோட போட்டி போடற மத்த பூச்சி பாசி எல்லாம் செத்துப்போச்சுன்னா, இது மட்டும் எடத்தப் புடிச்சுக்குமாம். நீ ரொம்ப சுத்தம் பண்ணிட்டடி."

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. சிவப்பை ஒழிக்க நான் செய்தது எல்லாம் இதற்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது. என் அம்மாவிலிருந்து மாமியார் வரை எல்லாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே காரியம் துடைப்பது. துடைக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

தெரிந்துகொண்டேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். தினமும் தீனி போட்டேன். கடற்கரையிலிருந்து ஈர மணல் ஒரு கைப்பிடி கொண்டுவந்து, அதிலிருக்கும் மற்ற உயிர்கள் பெருகட்டும் என்று உள்ளே போட்டேன். பிறகு விளக்கை அணைத்து, மூன்று நாள் சூரிய வெளிச்சம் துளிகூடப் படாமல் தொட்டியைச் சுற்றிலும் போர்வையால் மூடிக் கட்டினேன். இருட்டில் அது பாறையை விட்டுத் தண்ணீரில் மிதக்கும். மோட்டார் வாயில் பஞ்சை வைத்து வடிகட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பஞ்சை மாற்றவேண்டும்.

இரண்டாம் நாள் மதியம் என் கணவர் ஒரு அதிகாரியையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். அவர் கையெழுத்துப் போட்டால் என் கணவருக்கு ஒரு பெரிய கட்டட வேலை கிடைக்கும். அது மட்டும் எனக்குத் தெரியும்.

"இன்னா இது, போர்வைய போத்தி வெச்சிருக்க?"

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் திறக்கக் கூடாதுங்க. வெளிச்சம் பட்டா மறுபடி—"

"பாத்தீங்களா சார், வீட்டுலயே டாக்டர் வெச்சிருக்கேன்" என்று சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. அதற்குமுன் அப்படி நின்றதில்லை. அவர் சிரிப்பு மாறாமலே என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, முடிச்சை அவிழ்த்துப் போர்வையை இழுத்தார். விளக்கைப் போட்டார். ஆரஞ்சு மீன்கள் வெளிச்சத்தில் மிரண்டு பாறைக்குள் ஓடின. "ஐ, அழகா இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா. நான் காபி போட உள்ளே போனேன்.

அவர்கள் போன பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி மூன்று நாள். இந்த முறை போர்வைக்கு மேல் மகளின் பழைய கட்டில் விரிப்பையும் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கினேன். நான்காம் நாள் திறந்தபோது பாறையில் நூல் இல்லை. அடுத்த வாரம் கொஞ்சம் தலைகாட்டியது. மறுபடி மூடினேன். இரண்டு மாதத்தில் பாறைகளில் மெல்லிய பச்சையும் ஊதாவும் படர்ந்தன. அது நல்ல அறிகுறி. சிநேகிதி ஒரு சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "இத எழுதி வைடி, நான் பசங்களுக்குச் சொல்றேன்" என்றாள். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். எந்த நாள் என்ன செய்தேன், எது கேட்டது, எது கேட்கவில்லை என்று.

அதிகாரி அடுத்த முறை வந்தபோது தொட்டியின் முன் நின்று என் கணவர் சொன்னது அடுப்படிவரை கேட்டது: "ஒண்ணும் இல்ல சார். மூணு நாள் இருட்டுல போட்டேன். அடங்கிடுச்சு. தண்ணி மாத்தவே கூடாது சார், அது நெறைய பேருக்குத் தெரியாது."

அதற்கு அடுத்த மாதம் நான் மகளைப் பார்க்க ஏற்காடு போய் இரண்டு நாளில் திரும்பினேன். ஹாலில் தொட்டி இருந்த இடத்தில் நாலடிக்குத் தரை வெள்ளையாக இருந்தது.

"அந்தம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. குடுத்துட்டேன்" என்றார். "உனக்கும் வேல கம்மிதான?"

பையை வைத்துவிட்டு உள்ளே போனேன். நோட்டையாவது கொடுத்தனுப்பினாரா என்று பார்த்தேன். அது அலமாரியில் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அன்றைக்குக் கொடுத்திருப்பேன்.

ஒன்றரை மாதம் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "அவங்க வீட்டுத் தொட்டி நாறுதாம். நீ போய் கொஞ்சம் தொடச்சுக் குடுத்துட்டு வா. கார் அனுப்பறேன்."

அந்த வீட்டில் தொட்டியை ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். மேற்கு வெயில் நேராக விழுந்தது. பாறை முழுக்கச் சிவப்பு. ஆரஞ்சு ஜோடியில் ஒன்று கண்ணாடியோரம் வந்து என் விரலைப் பார்த்தது. தீனி போடுகிற விரல் என்று அதற்குத் தெரியும். அந்த அம்மா நல்லவர். தானே நாற்காலி எடுத்துப் போட்டார். என் கையிலிருந்த டியூபைப் பார்த்துச் சொன்னார்:

"வாங்க. நீங்கதான் தொடைக்கறவங்களாமே. மத்த விவரம் எல்லாம் உங்க சாருக்குத்தான் தெரியும், அவரு வேலையா இருக்காரு, வீட்டுல அனுப்பறேன்னாரு."

நான் டியூபை உள்ளே விட்டு, மேலாகத் தெரிந்த சிவப்பை உறிஞ்சினேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டார்.

"சென்னைக் கடையில போன் பண்ணிக் கேட்டோம். ஏதோ மாத்திரை போட்டாப் போய்டும்கறாங்க. வாங்கி வெச்சிருக்கோம். போடலாங்களா?"

மேஜைமேல் அட்டை அட்டையாக எரித்ரோமைசின் இருந்தது. போடாதீங்க, தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்துங்க, தீனியைக் குறைங்க. மூன்றே வாக்கியம். வாய்வரை வந்தது.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன். "நான் தொடைக்கறதோட சரி."

வாளியைக் கழுவி வைத்துவிட்டு, காரில் ஏறி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. எல்லா மீனும் போய்விட்டன. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவாம். என் கணவர் எரிச்சலோடு சொன்னார்: "அந்தக் கடைக்காரன் பேச்ச கேட்டு மாத்திரையப் போட்டிருக்காங்க. யாருக்கு இன்னா தெரியுது!" என்மேல் அவர் ஒரு பழியும் போடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவை பிழைத்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஏதாவது தெரியும் என்று அவர் நினைத்திருந்தால்தானே தோன்றும். அந்தக் கட்டட வேலை அவருக்கே கிடைத்தது. தொட்டி இருந்த இடத்தில் பெரிய டிவி வந்தது.

சிநேகிதியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா சொன்னதை, என் கணவர் சொல்லி அனுப்பியதை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் விடைத்தாள் கட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி" என்றாள் கடைசியில். "மீன் இன்னாடி பண்ணுச்சு?"

நான் கோபமாக எழுந்து வந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்குமேல் அவளோடு பேசவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அதைக் கேட்பது சுலபம் என்று மனதுக்குள் அவளைத் திட்டினேன். அப்புறம் எப்படியோ பேச ஆரம்பித்துவிட்டோம். அவள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை. பதில் கிடைத்திருந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பேன்.